இருநூறு கிலோ தாங்கும்

வலையா மிஸ், பரசூட் துணியா?
கெய்சர் வீதியில் இது மூன்றாவது கடை.
வலை மலிவுதான். ஆனால்
முதுகில் கட்டம் கட்டமாய்ப் பதியும்,
கித்துல்கலை நுளம்புகளுக்கு
ஆயிரம் யன்னல்.
துணியென்றால் நனைந்தாலும் உதறிப்போடக் காயும்,
சுருட்டினால் அரை றாத்தல் பாண் அளவு.

"இருநூறு கிலோ தாங்கும்" என்றான் நஃப்ரிஸ்.
நான் ஐம்பத்தொன்பது.
மிச்சம் நூற்று நாற்பத்தொன்றுக்கு
யாரை ஏற்றுவதென்று அவன் கேட்கவில்லை.
"ரெண்டு பேர் படுக்கிறதா எடு" என்று
காலையில் மெசேஜ் போட்டிருந்தான் சுகிர்தன்,
ஏதோ இன்னும் கேட்கலாம் என்பதுபோல.

ஒற்றை போதும்.
கயிறு வேண்டாம், மரத்தோலை அறுக்கும்.
அகலப் பட்டி தா.

கட்டிக் காட்டு என்றேன், சும்மாதான்.
ஷட்டர்க் கொளுக்கியில் ஒரு தலைப்பு,
லைட் கம்பத்தில் மற்றது.
"நேராப் படுக்காதீங்க மிஸ், கோணலாப் படுங்க,
அப்பதான் முதுகு நிமிரும்."

செருப்பைக் கழற்றினேன்.
மூட்டையோடு வந்த நாட்டாமி
கத்தவில்லை,
என்னைச் சுற்றிக்கொண்டு போனார்.
வயர்களுக்கு இடையில்
இவ்வளவு வானமா
புறக்கோட்டையில்?

த்ரீவீல் ஹோர்ன் அடித்தது.
விலை பேச மறந்து காசு கொடுத்தேன்.

வெள்ளவத்தை. லிப்ட்.
எட்டுப் பேர், அறுநூறு கிலோ என்கிறது தகடு.
ஏழாம் மாடி வரை
கோணலாய்ச் சாய்ந்து நின்றேன்.