காட்டாத வரிசை

கேத்தி பாலாடாவில் ராத்திரி ஒன்றரை மணி.
கழுவும் மெஷினின் வயிற்றுக்குள்
எட்டு மூட்டை கேரட் உருண்டுகொண்டிருக்கிறது.
ஓடைத் தண்ணீர் செம்மண்ணாகி வெளியே போகிறது.
கையுறைக்கு மேல் கையுறை போட்டும்
விரல் பத்தும் தன்னுடையதாக இல்லை என்கிறாள் ஜெபமாலை.

நான் கொட்டகை மூலையில்
உரச்சாக்கின் மேல் லேப்டாப்பை வைத்து
ஒரு முண்டத்தை அடிவாரத்து மண்டிக்கு அனுப்புகிறேன்.

திட்டவில்லை, அதன் பெயரே
தலையில்லாத பிரவுசர்.
திரை கிடையாது, முகம் கிடையாது.
ஆனாலும் கதவைத் தட்டும், பக்கத்தைத் திறக்கும்,
மூன்றாவது அட்டவணை, ஏழாவது வரிசை,
'ஊட்டி கேரட், முதல் ரகம்' என்ற கட்டத்தில் இருப்பதை மட்டும்
கிள்ளிக்கொண்டு மலையேறிவிடும்.
பன்னிரண்டு வரி ஜாவாஸ்கிரிப்ட்.
அதை ஆட்டுகிற லைப்ரரியை எழுதியவர் யாரோ, எந்த ஊரோ.
என் பங்கு 'காத்திரு' என்பதுதான்.
காத்திரு, பக்கம் வரட்டும்.
காத்திரு, கட்டம் நிரம்பட்டும்.
முப்பது விநாடி தாண்டினால்
வாக்குப் பொய்த்தது என்று சிவப்பில் சொல்.

இங்கே டவர் மேகத்தோடு போய் மேகத்தோடு வரும்.
பொய்த்த வாக்குகள் நிறைய.

போன மாதம் மண்டிக்காரர்கள் தளத்துக்குப் புதுச் சட்டை போட்டார்கள்.
கட்டங்களின் பெயரெல்லாம் மாறிப்போயிற்று.
முண்டம் தினமும் போய் வெறுங்கையோடு வந்தது,
பிழை என்றுகூடச் சொல்லாமல்:
இரண்டு அடைப்புக்குறி, நடுவில் ஒன்றுமில்லை.
மூன்று நாள் விலை தெரியாமலே லாரி இறங்கியது.
"இத்தனை வருசமும் தெரிஞ்சா இறங்கினோம்?"
என்றான் சிக்கந்தர், ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டே.

நேற்று செலக்டரைத் திருத்தினேன்.
கொஞ்சம் அகலமாக எழுதிவிட்டேன் போலிருக்கிறது,
இன்றைக்கு வலையில் இரண்டு விலை.

ஒன்று நேற்றையது, ஊருக்கே தெரிந்தது.
மற்றது
விடியப்போகும் தேதியிட்டு
'காட்டாதே' என்று குறித்த வரிசையில் உட்கார்ந்திருந்தது.
கண்ணிருப்பவர்கள் பார்த்தால் அங்கே வெறும் வெள்ளை.
கண்ணே இல்லாததற்கு என்ன மறைப்பு?
கிலோ பதினெட்டு என்று எடுத்துவந்து போட்டது.

ஏலம் காலை ஆறு மணிக்கு.

மறுபடி ஓட்டினேன். பதினெட்டு.
சேமித்ததையெல்லாம் அழித்துவிட்டு ஓட்டினேன்.
பதினெட்டு.
ஏலம் கூவுகிறவர் இந்நேரம் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.
நாளைக்கு அவர் தொண்டையில்
இருபத்தைந்துக்கு ஏறி, இருபத்திரண்டுக்குச் சறுக்கி
யாரோ விரல் உயர்த்த வந்து நிற்கப்போகும் எண்
இங்கே என் மடியில் சூடாக இருக்கிறது.

மெஷின் நின்றது.
தார்ப்பாயில் சரிந்த கேரட்டுகளிலிருந்து ஆவி எழுந்தது,
அல்லது பனியோ.
லாரி உறுமத் தொடங்கிவிட்டது.

கோணி ஊசியோடு குனிந்திருந்த போஜன்
தலை நிமிராமல் கேட்டார்.
"விலை வந்திருச்சா?"
"வந்திருச்சு."
"எப்போ?"
"அது முன்னாடியே வந்து இருந்திருக்கு, மாமா.
நாமதான் பார்க்கலை."

லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன்.
வெகுநேரம் பார்த்தார், எழுத்துக்கூட்டுகிறவர் மாதிரி
உதடு அசைந்தது.
பிறகு பாதி தைத்த மூட்டையிலிருந்து
நூலை மெல்ல உருவ ஆரம்பித்தார்.