ஆறாவது பீரியட்

கால அட்டவணையில்
புதன் ஆறாவது பீரியட் என்னுடையது.
ராசிபுரத்து வெயிலில்
விசிலோடு வாசலில் நிற்பேன்.
உள்ளே கெமிஸ்ட்ரி நடக்கும்.
"நீட் முடியட்டும் மாஸ்டர்" என்பார் தாளாளர்.
அவருக்குக் கோழிப்பண்ணையும் உண்டு.
ராத்திரியில் விளக்கணைவதில்லை
இரண்டிலும்.

பதிவேட்டில் மட்டும்
வாரம் தவறாமல் விளையாடினார்கள்:
கோ-கோ, எறிபந்து, நீளம் தாண்டுதல்.
கையெழுத்து நான்தான்.

நேற்று சுபநிதியின் அப்பா வந்தார்,
ரிக் வண்டியிலிருந்து நேராக,
சட்டையில் சத்தீஸ்கர் மண்.
"நாலே மார்க்குங்க சார், பத்தல.
ஸ்போர்ட்ஸ் கோட்டான்னு ஒன்னு இருக்குதாமுங்க.
புள்ள என்னமாச்சும் வெளையாண்டிருக்குமுங்களே?"

எந்த அளவுக்கு ஆடியிருக்க வேண்டுமென்று
நான் சொல்லவில்லை.
பதிவேட்டைப் புரட்டினேன்.
இரண்டு வருடம், எழுபத்தொரு புதன்,
அவள் பெயருக்கு நேரே
என் நீல மை.

அவள் ஓடி நான் பார்த்தது ஒரே தடவை.
ஹால் டிக்கெட்டைக் காற்று பிடுங்கிப் போன அன்று,
மைதானத்தின் குறுக்கே, வெறுங்காலில்,
வேலியில் போய் அது மாட்டும்வரை.
பழக்கத்தில் என் கட்டைவிரல்
ஸ்டாப்வாட்சை அழுத்திவிட்டது.

நூறு மீட்டர் இருக்கும்.
பதினாலு நொடி.

அதைத்தான் எங்கேயும்
எழுதி வைக்கவில்லை.