முதலில் தண்ணீர் கேட்பான்

குட்டியானை வண்டியில் எட்டுப் பேர்,
இரண்டு பறை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி,
அம்மாவுக்குத் தெரியாமல் நான் எடுத்து வந்த
பெயர் வெட்டிய எவர்சில்வர் செம்பு.
புதுவயல் அரிசி ஆலைகளைத் தாண்டும்போது
காற்றெல்லாம் உமி.
பாண்டீஸ்வரி துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள்.
இன்று அவளுக்குத்தான் அதிக வசனம்.

பெரிய வீட்டு முகப்பைக் கேட்டிருந்தோம்.
சினிமாவுக்கு என்றால் திறப்பார்களாம்.
வாட்ச்மேன் ஒரு நாள் வாடகையைச் சொன்னதும்
இர்பான் தன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்து
முப்பது ரூபாய் குறையுதுண்ணே என்றான்.
சிரித்தபடி ரேஷன் கடை வாசலுக்கு வந்தோம்.
அங்கே கூட்டம் சொல்லாமலே உட்காரும். பழக்கம்.

நாடகம் வாரக்கடன் பற்றியது.
எழுதியது நான்.
பத்துப் பெண்கள், ஒரு குழு,
ஒருத்தி கட்டாவிட்டால் ஒன்பது பேர் தலையில்.
வசூல்காரன் வேடம் பாண்டீஸ்வரிக்கு:
பகலில் காரைக்குடி ஜவுளிக்கடையில் பில் போடுவாள்,
இரவில் மீசை வரைந்துகொள்வாள்.
மூன்றாவது காட்சியில் நாற்காலியை உதைத்து
"பணத்த வை, இல்ல பாத்திரத்த எடு!" என்று கத்துவாள்.
ஏழு ஊரில் கைதட்டல் வாங்கிய இடம்.

எட்டாவது ஊரில் யாரும் தட்டவில்லை.
ஆலையிலிருந்து நேரே வந்த ஒருத்தி,
தலைமுடியில் உமி அப்படியே இருக்க,
"இப்படியா கேப்பான்?" என்றாள்.
சண்டைக்கு இல்லை,
தையலில் பிசிறு பார்த்தவள் மாதிரி.
"கத்தவே மாட்டான் தாயி.
மொதல்ல தண்ணி கேப்பான்."

அடைக்கலத்தின் பறை ஓர் அடி கூடுதலாக விழுந்து நின்றது.
பாண்டீஸ்வரி மீசையோடு நின்றாள்.
அந்தம்மா பேர் சிட்டுப்பிள்ளையாம், எழுந்து வந்தாள்.
கவிழ்ந்த நாற்காலியை நிமிர்த்திப் போட்டு
உட்கார்ந்தாள்.
"அக்கா, கொஞ்சம் தண்ணி."
அவ்வளவு மெதுவாக.
ஜெனிட்டா என் அம்மாவின் செம்பை நீட்டினாள்.
அண்ணாந்து குடித்து, மிச்சத்தைக் கீழே வைத்து,
"பையன் டென்த்தா? நல்லாப் படிக்கிறானா?" என்று விசாரித்து,
இல்லாத செல்போனை எடுத்து
அதையே பார்த்துக்கொண்டு
உட்கார்ந்திருந்தாள்.
உட்கார்ந்தே இருந்தாள்.

பின்வரிசையில் ஒருத்தி
முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நாடகம் எங்கள் கையில் இல்லை.
அவன் பைக் நிறுத்துகிற விதத்தை ஒருத்தி நடித்தாள்,
கொல்லைப்புறமாய் ஓடுகிறவளாக இன்னொருத்தி,
ஓடி வந்தவள் இர்பான் மேல் மோதினாள்.
நான் எழுதிய முடிவில் ஒரு கலெக்டர் வருவார்.
கோட்டு மாட்டிய இர்பானை
யாரும் கூப்பிடவில்லை.

பதினொரு மணிவரை தெருவிளக்கின் கீழே
ஜெனிட்டா பாஸ்புக்குகளைக் கூட்டிப் பார்த்துச் சொன்னாள்.
மூன்று பேருக்குக் கடன் எப்போதோ முடிந்துவிட்டது,
இன்னும் கட்டிக்கொண்டிருந்தார்கள்.
எங்களுக்கு நூற்றிநாற்பது ரூபாய் சில்லறை,
இரண்டு படி அரிசி, காகிதத்தில் அவித்த கடலை.

கண்டனூர் தாண்டி, தைலமரக் காட்டு இருட்டில்
பாண்டீஸ்வரி வண்டியில் பழகிப் பார்த்தாள்.
"அக்கா, கொஞ்சம் தண்ணி.
அக்கா. கொஞ்சம் தண்ணி."
இன்னும் கனிவா, என்றான் அடைக்கலம்.
கொஞ்ச நேரம் கழித்து,
போதும் நிறுத்து, என்றான்.

வியாழக்கிழமை. பல் தேய்த்துக்கொண்டிருந்தேன்.
வெளியே பைக் வந்து நிற்கும் சத்தம்.
"அக்கா, கொஞ்சம்…"

இரண்டு வருடமாக அந்தத் தண்ணீரைக்
கொண்டுபோய்க் கொடுப்பவன் நான்தான்.
தம்பி என்றுதான் கூப்பிடுவார்.
நல்ல மனுஷன் என்று நினைத்திருந்தேன்.

அம்மா உள்ளே செம்பைத் தேடுகிறாள்.
அது என் பையில் இருக்கிறது,
அவளுடைய பேரின் பள்ளங்களில்
உமித்தூள் ஒட்டியபடி.