இரண்டாம் எண்

சூக் அல் ஹராஜில் எழுபத்திரண்டாம் கடை.
குல் ஜமான் கதவைத் திறந்து காட்டினார்,
மாப்பிள்ளை வீட்டுப் பெருமை பேசும் தரகரைப்போல:
சீட்டுக்குள்ளேயே காற்று வரும், மேடம், முதுகு வேர்க்காது.
பின்னால் குழந்தைக்குத் தனி ஏசி.
மாடியிலிருந்தே ஸ்டார்ட் பண்ணலாம்.
கை நிறைய லூலூ பைகளா,
டிக்கிக்குக் கீழே காலை ஆட்டினால் போதும், தானே திறக்கும்.
ஆட்டினார். திறக்கவில்லை.
மறுபடி ஆட்டினார், பந்தை உதைப்பதுபோல.
ஜெனிலா சிரித்த சிரிப்பில்
ஆயிரம் திர்ஹம் குறைந்தது.

நான்கு வருடத் தவணை.
அமலதாஸ் அன்றைக்கே கண்ணாடி, ஸ்டியரிங், முதுகுச் சாய்வு
எல்லாவற்றையும் தன் உயரத்துக்கு வைத்து
ஒன்றாம் எண்ணை அழுத்திப் பிடித்தார்.
பீப் என்றது. ஞாபகம் வைத்துக்கொண்டதாம்.
"ரெண்டு உனக்கு."

ரெண்டில் என்ன இருக்கிறது பார்ப்போம் என்று அழுத்தினேன்.
சீட்டு ஒரு சின்ன முனகலோடு
பின்னால் போனது, போய்க்கொண்டே இருந்தது,
சாய்ந்தது, இன்னும் சாய்ந்தது,
கூரைக் கண்ணாடி வழியே
வானத்தைப் பார்த்துக் கிடந்தேன்.
கால் பிரேக்கை எட்டவில்லை.
இப்படி யார் வண்டி ஓட்டுவார்கள்?

மேப்பில் பழைய இடங்களை யாரும் அழிக்கவில்லை.
வீடு, முவைலா. பள்ளி. ஆபீஸ், ஜெபல் அலி.
அதற்குப் பிறகு ஒரே இடம்,
விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது:
அல் கான் கடற்கரை பார்க்கிங்,
அல் கான் கடற்கரை பார்க்கிங்.
காலை எட்டு நாற்பது. எட்டு முப்பத்தைந்து. எட்டு நாற்பது.

நைட் ஷிஃப்டுக்கு முன்னால் கிடைத்த அரைமணியில்
லேப் வாசலில் வண்டியை நிறுத்தி
ரெண்டில் படுத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது.
ஒன்றும் ரெண்டும் ஒரே ஆள்.
டை கட்டி, ஒன்றில் உட்கார்ந்து கிளம்பி,
சாயங்காலம் வரை ரெண்டில் கிடந்திருக்கிறான்.
முதுகு வேர்த்திருக்காது.

அதை நான் மாற்றவில்லை.
வண்டி என் கைக்கு வரும்போதெல்லாம்
பக்கவாட்டுப் பட்டனை அமுக்கி அமுக்கி
என் குள்ளத்துக்கு இழுத்துக்கொள்வேன்.
"மூணு செகண்ட் வேலை. ஏன் இந்தப் பிடிவாதம்?"
என்ன சொல்வது அவரிடம்,
முகம்கூடத் தெரியாத ஒருவனைப் பற்றி.

சாலிக் மெசேஜ் என் நம்பருக்குத்தான் வரும்.
காலையில் ஒரு கழிவு, மாலையில் ஒரு கழிவு,
கணவர் எந்தப் பாலம் தாண்டினார் என்று
காசைச் சொல்லிச் சொல்லும்.
ஒன்பது நாளாக வரவில்லை.
நெட்வொர்க் என்று நினைத்தேன்.
நினைத்தேனா, தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மார்க்கெட்டுக்குக் கிளம்பி
கதவைத் திறந்தால்
சீட்டு ரெண்டில் இருந்தது.

"அம்மா, சீட்டு ஏன் தூங்குது?"
"அதுக்கும் அலுப்பா இருக்கும்டி."
ஒன்றை அழுத்தினேன். எழுந்து உட்கார்ந்தது.
சாயங்காலம் திரும்பியதும்
எப்படி இருந்ததோ அப்படியே
மறுபடி படுக்கவைத்துவிட்டு மேலே வந்தேன்.
பிறகு தோன்றியது, அது தப்பு என்று. இறங்கிப் போய்
ஒன்றுக்கே மாற்றினேன்.
லிஃப்டில் வாட்ச்மேன், "எதையாவது மறந்துட்டீங்களா?" என்றார்.

டேஷ்போர்டு பெட்டிக்குள்
குளிர்காற்று திறந்துவிட ஒரு சின்னத் திருகு உண்டு.
இத்தனை மாதத்தில் யாரும் தொட்டதில்லை.
திங்கட்கிழமை, பால் வாங்கும் சாக்கில் கீழே போய்
அதைத் திருப்பி வைத்தேன்.
உள்ளே ரெண்டு லபன் பாட்டில்,
ஒரு டப்பா வெள்ளரிக்காய்,
உப்பு தனியாகக் காகிதத்தில் மடித்து.

ஏழரை. டை. லேப்டாப் பை. "போயிட்டு வரேன்."
லிஃப்ட் இறங்கும் நேரத்தில்
நாலாவது மாடி ஜன்னலிலிருந்து ரிமோட்டை நீட்டினேன்.
எதிர்மணலில் விளக்கு இருமுறை சிமிட்டி
வண்டி உயிர்த்தது.
ஆகஸ்ட். இப்போதே நாற்பத்தொரு டிகிரி.
சீட்டுக்குள் காற்று ஓடத் தொடங்கியிருக்கும்.

கதவருகே நின்று அவர் நிமிர்ந்து பார்த்தார்.
கையை ஆட்டினேன்,
ஆபீஸ் போகிறவருக்கு ஆட்டுவதுபோலவே.