லத்தி

போலீஸ்காரர் கையில் இருப்பதும் லத்திதான்.
நான் சலிப்பது யானையுடையது.
அஞ்செட்டிச் சந்தையில் வாங்கிய மாவுச் சல்லடை,
விரல் கிழிந்த கையுறை ஒரு ஜோடி,
கோடு போட்ட நோட்டு.
அடையாள அட்டையில் தற்காலிகப் பணியாளர்.
ஊரில் எனக்கு வேறு பெயர்.

சூடு இருந்தால் யானை பக்கத்தில்.
வண்டு உருட்டத் தொடங்கியிருந்தால்
தைரியமாய்க் குந்தி உட்காரலாம்.
மூங்கில் நார், முதல் பத்தி.
மரப்பட்டை, அடுத்தது.
புளியங்கொட்டையை எண்ணித்தான் எழுதவேண்டும்:
ஒரே குவியலில் நூற்றுப்பதினேழு,
கழுவித் துடைத்த பளபளப்பு,
பல்லாங்குழிக்கு எடுத்துப் போகலாம்.

யானை விழுங்கிய விளாம்பழம்
ஓடு உடையாமல், உள்ளே ஒன்றுமில்லாமல் வரும் என்று
எட்டாம் வகுப்பில் தமிழம்மா சொன்னார்.
இரண்டு வருஷமாகத் தேடுகிறேன் டீச்சர்,
சில்லுதான் கிடைக்கிறது.

கார்த்திகை பிறந்தால் ராகி.
அன்று காலை உரிகம் சரிவில்
சல்லடை முழுக்க ராகி,
பாதி அரைந்தும் பாதி அரையாமலும்.
யாருடையது என்று நோட்டைப் பார்க்கத் தேவையில்லை.
இரவு முழுக்கப் பரணில் இருந்தவர் என் வீட்டுக்காரர்.
தகரம் தட்டினீர்களா?
தட்டவில்லை.
பட்டாசு?
பையிலேயே இருக்கிறது.
பிறகு?
‘குட்டி இருந்துச்சு நாகவேணி,
தாய் வயித்துக்குக் கீழ நின்னுது.
ரெண்டு தரம் இருமிப் பாத்தேன்.’

ஒன்றரைக் குண்டை ராகி, ஒரு குட்டி, இரண்டு இருமல்.
கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல்
அடுப்பில் பானையைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன்.
பக்கத்து வயல் சிக்கமாரப்பா
வேலிக்கம்பியைக் கரண்ட் கம்பத்தோடு சேர்க்கலாமா என்று
எங்கள் வாசலில் நின்று கேட்டபோது
இவர் அதற்கும் இருமினார்.
நான்தான் சொன்னேன்:
கம்பிக்கு யானையும் தெரியாது, உன் மகனும் தெரியாது.
அவன் பதில் பேசாமல் போனான்.
அன்றிரவு நானும் தூங்கவில்லை.

உணவு கிடைத்த இடம் என்றொரு பத்தி.
‘எங்கள் வயல்’ என்று எழுதியிருந்தேன்.
ரேஞ்சர் அடித்துவிட்டு
‘விவசாய நிலம்’ என்று திருத்தினார்.
நஷ்டஈட்டுக்கு மனு தனி என்றார்,
சிட்டா நகல் இரண்டு.

கடைசிப் பத்தி, இதர.
அதில் எழுதுவதெல்லாம் ரோட்டோரத்து லத்தியில் வருவது.
பால் கவர்.
சிப்ஸ் பொட்டலம், நீலம், முடிச்சு விழுந்து.
உப்பு ஒட்டிய பிளாஸ்டிக்கை அது எப்படிப் பிரித்துத் தின்னும்?
திருடித் தின்ற எங்கள் ராகி
மழைக்குப் பிறகு லத்தியிலேயே முளை விட்டிருந்தது.
யாரோ ஆசையாய்க் கொடுத்தது
கயிறு மாதிரி வெளியே வந்தது.
வெளியே வராததை
டாக்டர் வயிற்றைக் கிழித்துத்தான் எடுப்பார்,
ஒருதரம் பக்கெட் பிடித்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வளைவில் ஒரு கார்.
மூங்கில் புதருக்குள் காது அசைகிறது,
ஜன்னலுக்கு வெளியே ஒரு சின்னக் கை,
கையில் கிரீம் பன்.
கண்ணாடியை ஏத்துங்க சார், வண்டியை எடுங்க.
பாவம் பசிக்குமே என்றாள் குழந்தை.
அதுக்கு வேணுங்கிறது காட்டுல இருக்கும்மா,
இல்லேன்னா எங்க வீட்டுக்கு வரும்.

‘அப்போ நீங்க சாப்பிடுங்க’ என்று
என் கையில் திணித்துவிட்டுப் போனார்கள்.

காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.
கையுறையைக் கழற்றி, கை கழுவி,
பாறை மேல் உட்கார்ந்து தின்றேன்.
கிரீம் ரொம்பத் தித்திப்பு.
கவரை நாலாய் மடித்து
சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.