விலாசம்

அல்சூரில் எங்கள் தெருவுக்கு
முதலில் ஒரு வெள்ளைக்கார கர்னலின் பெயர்.
நான் எட்டாவது படிக்கையில் பலகையை மாற்றினார்கள்,
கன்னடத்தில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று.
நைட் டூட்டி முடிந்து வந்த அம்மா
குடையை மடக்காமல் நின்று
இரண்டையும் வாசித்தாள்.
"ஓரெழுத்து குறையுது" என்றாள்.
அவ்வளவுதான்.

ஜெயில் ஆஸ்பத்திரியில்
அவர் உண்ணாவிரதம் கிடந்த பதினேழு நாளும்
நாடி பிடித்து எண்ணியவள்.
அவள் குறித்த எண்கள் மறுநாள் பேப்பரில் வரும்,
அவள் பெயர் வராது.

ரேஷன் கார்டு, பேங்க், பென்ஷன்.
தகப்பன் பெயர் என்ற கட்டத்தில்
கோடு இழுத்துப் பழகிய கை
மூன்று வரி தள்ளி
அவர் பெயரை முழுசாக எழுதும்,
விட்டுப்போன எழுத்தையும் சேர்த்து.

பாஸ்போர்ட் ஆபீஸ் குமாஸ்தா ஒருமுறை
"பெரிய மனுஷர் ரோட்டில் இருக்கீங்க" என்றான்.
ஆமாம், மழை பெய்தால் தண்ணீர் நிற்கும் என்றேன்.

இப்போது மெட்ரோவுக்காகப்
பாதி ரோட்டை வெட்டிவிட்டார்கள்.
பிடுங்கிய பலகை
என் காம்பவுண்டுச் சுவரில் சாய்ந்திருக்கிறது,
முகம் சுவரைப் பார்க்க.
உள்ளே எடுத்து வைக்கட்டுமா அம்மா
என்று கேட்கிறான் மேஸ்திரி.

வேண்டாம்ப்பா.
அது கார்ப்பரேஷன் சொத்து.