தொண்ணூறுக்குக் கீழே, நூற்றிருபதுக்கு மேலே

இரவுப்பணி முடிந்து
ஏழேகாலுக்கு வண்டியை எடுக்கிறேன்.
தம்மாமிலிருந்து ஜுபைலுக்கு
ஒரு மணி நேரம் இரண்டு நிமிடம் என்கிறது போன்.
அந்த இரண்டு நிமிடத்தை
வழியில் எங்கே வைத்திருக்கிறதோ.

நாற்பத்துமூன்று வயதில் ஓட்டக் கற்றேன்.
பெண்களுக்கென்று தனித் திடல்.
ரிவர்ஸில் மட்டும் நான்கு கூம்புகளைச் சாய்த்தேன்.
உரிமம் வந்த அன்று அமலதாஸ்
சாவியைக் கையில் தந்துவிட்டு
பக்கத்து இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டார்.
ஜெபமா பயமா, கேட்கவில்லை.

இங்கே காமிராவுக்கு ஸாஹிர் என்று பெயர்.
ராத்தூக்கம் இல்லாதவன் என்று அர்த்தமாம்,
மருந்தகத்து ஹுதா சொன்னாள்.
அடப்பாவி, நீயுமா என்றேன்
மறுநாள் காலை அதைக் கடக்கும்போது.
சம்பளம் எவ்வளவு உனக்கு?
ஓவர்டைம் தருகிறார்களா?

முதல் மாதமே மூன்று முறை பிடித்தான்.
வீடு சேருவதற்குள்
அரபியில் குறுஞ்செய்தி வந்துவிடும்.
ஊருக்கு அனுப்பும் பணம்கூட
அவ்வளவு வேகமாகப் போய்ச் சேர்ந்ததில்லை.
அமலதாஸ் நோட்டில் வரிசையாக எழுதினார்:
வாடகை, பால், ஸாஹிர்.

பிறகுதான் இந்தச் செயலி.
ஷைனி ஏற்றித் தந்தாள்.
முன்னால் காமிரா என்றால்
டிங் டிங், இரண்டு தட்டு.
கால் தானாக மேலே வரும்.
எல்லாருக்கும் அப்படித்தான் போல.
வெள்ளை லேண்ட்குரூசர், மீன் வண்டி, சிமென்ட் லாரி
எல்லாம் ஒரே நேரத்தில் நல்ல பிள்ளைகளாகி
இருநூறு மீட்டர் தாண்டியதும்
பழைய பிள்ளைகளாகும்.

எனக்கு அந்த ஒலி புதிதில்லை.
வார்டில் தொண்ணூறுக்குக் கீழே போனால் கத்தும்,
ரோட்டில் நூற்றிருபதுக்கு மேலே போனால் கத்தும்.
அங்கே ஓட வேண்டும்,
இங்கே மெதுவாக வேண்டும்.
சில காலைகளில் உடம்புக்கு மாறிப்போகிறது.
ஒரு நாள் டிங் கேட்டதும்
ஆக்ஸிலேட்டரை அழுத்திவிட்டேன்.
முந்நூறு ரியால்.

ஏழாவது கட்டிலில்
பதினொரு நாளாக தொஃபாயேல்.
வயது இருபத்துநான்கு. ஊர் சில்ஹெட்.
சாப்பாடு கொண்டுபோன பைக்.
அவன் உடைமைகளைப் பையில் போட்டு
அலமாரியில் வைத்தவள் நான்தான்:
ஒற்றைச் செருப்பு, இக்காமா,
முகம் நொறுங்கிய போன்.
முதல் ராத்திரி இரண்டு மணிக்கு
அலமாரிக்குள்ளிருந்து ஒரு பெண் பேசினாள்.
பயந்துதான் போனேன்.
தரை துடைத்துக்கொண்டிருந்த முக்லேசூர்
கதவில் காதை வைத்துக் கேட்டான்.
"வலது பக்கம் திரும்பச் சொல்றா, சிஸ்டர்."

கட்டடத்துக்குள் சிக்னல் தடுமாறுமாம்,
நிற்கிற இடத்தை நகர்வதாக நினைத்துக்கொள்ளுமாம்.
சற்று நேரத்துக்கு ஒரு தரம்
வலது.
மறுபடி வலது.
அவன் வலப்பக்கம் வென்டிலேட்டர் இருந்தது.
சார்ஜ் தீரும்வரை
அணைக்க எங்களில் யாருக்கும் கை வரவில்லை.
மறுநாள் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார்.
டெலிவரிப் பெட்டி எங்கே என்று கேட்டார்,
பச்சைப் பெட்டி, மூடியில் எண் இருக்கும் என்றார்.

நேற்றிரவு மூன்றேமுக்காலுக்கு
எண்பத்தெட்டு.
எண்பத்தொன்று.
மீதியை இங்கே எழுதமாட்டேன்,
சார்ட்டில் எழுதியாயிற்று.

காலையில் மூடுபனி.
ராஸ் தனூராப் பக்கம் எரிகிற தீ
ஈரத்துணிக்குள் சுற்றி வைத்ததுபோல் தெரிந்தது.
டிங் டிங்.
கால் மேலே வந்தது.
கம்பம் நின்ற இடத்தில் கம்பம் இல்லை.
பெயர்த்த சிமென்ட் மேடை, நான்கு போல்ட்,
சாய்ந்த ஆரஞ்சுக் கூம்பு ஒன்று.
முன்னால் போனவர்கள் எல்லாரும்
அந்த வெற்றிடத்துக்கு மெதுவாகிப் போனார்கள்.
நானும்.

தாண்டியதும் திரையில் கேள்வி வந்தது:
இன்னும் இருக்கிறதா?
ஆம். இல்லை.
கீழே ஒரு பச்சைக் கோடு
பதில் சொல்லத் தந்த நேரத்தைத் தின்றுகொண்டே குறைந்தது.

நான் எதையும் தொடவில்லை.
ஓட்டும்போது போனைத் தொட்டால்
அதற்குத் தனி அபராதம்.